நோய் வருவதற்கு முன்பே மீனின் ரத்தத்தைப் பார்த்து வையுங்கள்

கார்த்திகை மாதம், நான்கு நாள் அடைமழை ஓய்ந்த காலை. ஒரத்தநாட்டுப் பக்கம் திலேப்பியா வளர்க்கும் என் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "ஏரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மீனெல்லாம் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. வந்து பாரம்மா" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள், யாரோ ஒரு கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் இரண்டு மூட்டை கரையில் இறங்கியிருந்தது.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 18 ஆண்டுகளாக வேலை செய்கிறவள். பார்ப்பது மனித ரத்தம். ஆனால் அந்த ஆண்டு ஆடி மாதத்திலேயே அண்ணனின் குட்டைகளில் பத்துப் பத்து மீன் பிடித்து ரத்தம் எடுத்து, அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நோட்டும் கையில் இருந்தது.

கரையில் நின்றபடியே ஒரு மீனின் வாலில் ஊசி ஏற்றி இழுத்தேன். சிரிஞ்சில் ஏறியது சிவப்பு இல்லை, காப்பி டிகாஷன் நிறம். ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டேன். பக்கத்துக் குட்டையில் நன்றாகத் தீனி எடுத்துக்கொண்டிருந்த மீன் ஒன்றின் ரத்தத்தை அதன் அருகிலேயே விட்டேன். சிரையிலிருந்து வருவதால் இந்தச் சொட்டும் முதலில் கருஞ்சிவப்பாகத்தான் இருந்தது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே பளிச்சென்று சிவந்தது. முதல் சொட்டு மட்டும் பழுப்பாகவே இருந்து பழுப்பாகவே காய்ந்தது.

அது நைட்ரைட் நஞ்சு. மேகமூட்டத்தில் பாசி செத்து, அம்மோனியா கூடி, அது நைட்ரைட்டாக மாறித் தண்ணீரில் தேங்கியிருக்கிறது. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அதனால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது. தண்ணீரில் எவ்வளவு காற்று அடித்தாலும் மீன் திணறுவது அதனால்தான். இதில் ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. தேவைப்பட்டது உப்பு.

மீனின் செவுளில் குளோரைடு நுழையும் அதே வாசல் வழியாகத்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. தண்ணீரில் குளோரைடு கூடினால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நைட்ரைட்டைப் போல் பத்து மடங்கு குளோரைடு இருந்தால் போதும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அன்று தண்ணீர்ப் பரிசோதனை கிட் காட்டிய நைட்ரைட் லிட்டருக்கு 4 மில்லிகிராம். ஆகவே குளோரைடு 40 வேண்டும். போர் தண்ணீரில் 15 இருந்தது, குறைவது 25. உப்பில் அறுபது சதவீதம் குளோரைடு என்பதால் ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 42 கிராம் உப்பு. அரை ஏக்கர் குட்டை, 1.2 மீட்டர் ஆழம், 2,400 கன மீட்டர் தண்ணீர். மொத்தம் 100 கிலோ, அதாவது இரண்டு மூட்டைக் கல்லுப்பு. அதைக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றினோம், தீவனத்தை நிறுத்தினோம். சில கிட்கள் நைட்ரைட்டைக் காட்டாமல் நைட்ரைட்டில் உள்ள நைட்ரஜனைக் காட்டும். அப்படியானால் அந்த அளவை 3.3 ஆல் பெருக்கிய பிறகே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

மூன்றாம் நாள் எடுத்த சொட்டு, காகிதத்தில் சிவந்தது. தீவன மூட்டைகளை அண்ணன் திருப்பி அனுப்பினார்.

இதை நீங்களும் செய்யலாம். பண்ணையில் ஒருவருக்குக் கை பழகினால் போதும், மீதியைப் பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் உதவியோடு முடித்துவிடலாம். ஆனால் முதல் ரத்தத்தை மீன் நன்றாக இருக்கும்போது எடுங்கள். மனிதருக்கு இருப்பதுபோல் மீனுக்கு ஒரே அளவுப் பட்டியல் கிடையாது. இனம், எடை, தண்ணீரின் சூடு, சினைப் பருவம் எல்லாம் அளவை மாற்றும். உங்கள் குட்டையின் சென்ற மாத அளவைவிட நல்ல ஒப்பீடு எங்கும் கிடைக்காது.

எடுக்கும் முன்

மீனை 24 மணி நேரம் பட்டினி போடுங்கள். தின்ற மீனின் பிளாஸ்மா கொழுப்பால் பால்போல் கலங்கி, எந்த அளவையும் நம்ப முடியாமல் செய்துவிடும். அதிகாலையில், வெயில் ஏறுமுன் எடுப்பது நல்லது. குட்டைக்குப் பத்து மீன். இழுவலையில் அரை மணி நேரம் போராடிக் களைத்த மீன் வேண்டாம். வீச்சு வலையில் விழுந்ததும் எடுத்த மீன்தான் வேண்டும்.

மயக்குவதற்குக் கிராம்பு எண்ணெய் போதும். எண்ணெய் தண்ணீரில் கரையாது. எனவே ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு எத்தனாலில் கலந்து குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் குட்டைத் தண்ணீருக்கு இந்தக் கலவையில் 5 மில்லி. சில நிமிடங்களில் மீன் நிலை தடுமாறிப் பக்கவாட்டில் சாயும். செவுள் மூடி மெதுவாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றி, வாய்ப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி முன்னோக்கி நகர்த்துங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மீனுக்கு மேல் வாளியில் போடாதீர்கள். நீங்கள் ஒன்றில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போது மற்றது மிஞ்சிய மயக்கத்துக்குப் போய்விடும்.

மீனின் மொத்த ரத்தமே உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம்தான். எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 300 கிராம் மீனில் 3 மில்லி என்பது அந்த எல்லை. நான் ஒரு மில்லியோடு நிறுத்திக்கொள்வேன், அதுவே எல்லாப் பரிசோதனைக்கும் போதும்.

கையுறை கட்டாயம். திலேப்பியாவின் முதுகு முள் குத்தி, அதன் வழியே நோய்க்கிருமி நம் விரலுக்குள் போவது உண்டு.

வாலில் ஊசி ஏற்றும் விதம்

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

மீனின் முதுகெலும்புக்குக் கீழே, வால் பகுதியில், எலும்பாலான ஒரு சிறு கால்வாய் ஓடுகிறது. ரத்தக் குழாய் அதற்குள் இருக்கிறது. ஈரத் துணியில் மீனைச் சுற்றி, வயிறு மேலே இருக்கும்படி ஈர ஸ்பாஞ்சில் கிடத்துங்கள். கண்ணை ஈரத் துணி மூடியிருக்கட்டும். மலத்துவாரத்தை அடுத்து வரும் அடித்துடுப்பு எங்கே முடிகிறதோ, அதற்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டில் ஊசி இறங்க வேண்டும். அந்த இடத்தைச் சாராயப் பஞ்சால் துடைத்து, ஈரம் காயும்வரை பொறுங்கள். இல்லையென்றால் தோலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்தோடு வந்து, இல்லாத நோயைக் காட்டும்.

2 மில்லி சிரிஞ்சு, 23 கேஜ் ஊசி. ஹெப்பாரின் மருந்தைச் சிறிது இழுத்து, சிரிஞ்சின் உட்புறம் நனைந்ததும் வெளியே தள்ளிவிடுங்கள். மீன் ரத்தம் மனித ரத்தத்தைவிட மிக விரைவாக உறையும். நனைக்காத சிரிஞ்சில் இழுத்து முடிப்பதற்குள் கட்டியாகிவிடும். இரண்டு செதில்களுக்கு நடுவே நுனியைச் செருகி, உடலுக்குச் செங்குத்தாக மெதுவாக இறக்குங்கள். சதை வழியாகப் போகும்போது கை ஒன்றும் உணராது. பிறகு 'டக்'கென்று கடினமாக ஒன்று தட்டும். அது முதுகெலும்பு. அங்கேயே நின்று, ஒரு மயிரிழை பின்னால் இழுத்து, பிஸ்டனை மென்மையாக இழுங்கள். ரத்தம் தானாக ஏறும். ஏறாவிட்டால் ஊசியைச் சற்றே திருப்பிப் பாருங்கள். குத்திக் குத்தித் தேடினால் சதை கிழிந்து, திசு நீர் கலந்து, ரத்தம் உறைந்துவிடும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் அந்த மீனை விட்டுவிடுங்கள். பிஸ்டனை வேகமாக இழுத்தாலும் சிவப்பணுக்கள் உடையும்.

எடுத்ததும் குத்திய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, காற்றோட்டமுள்ள நல்ல தண்ணீரில் மீனை விடுங்கள்.

ஊசியின் நுனியில் நிற்கும் முதல் சொட்டைச் சிலைடில் வைத்து, மெல்லிய படலமாகப் பரப்பி, அங்கேயே பூச்சு இழுங்கள். பிறகு ஊசியைக் கழற்றிவிட்டு, மீதியைக் குழாயின் பக்கச் சுவர் வழியாக வழியவிடுங்கள். ஊசியோடு அழுத்தித் தள்ளினால் அணுக்கள் நசுங்கும். குழாயைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பரிசோதனை நிலையத்தில் முழு ரத்தப் பரிசோதனைக்குத் தரும் ஊதா மூடிக் குழாயில் ஈ.டி.டி.ஏ. என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கும். கெண்டை இன மீன்களின் சிவப்பணுக்கள் அதில் உடைந்துவிடக்கூடும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். குழாயில் ஹெப்பாரின் அதிகம் கலந்துவிட்ட ரத்தத்தில் பூச்சு இழுத்தால் சாயம் நீலம் பாய்ந்து தெரியும் என்பதால்தான் பூச்சை முதல் சொட்டிலேயே முடிக்கச் சொல்கிறேன்.

பரிசோதனை நிலையத்தில் சொல்ல வேண்டியது

குழாயை நீட்டும்போதே "இது மீன் ரத்தம், இயந்திரத்தில் போடாதீர்கள்" என்று சொல்லுங்கள். மனிதனின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவே உட்கருவோடு இருக்கும். உறையவைக்கும் அணுவிலும் உட்கரு உண்டு. நம் இயந்திரங்கள் இவற்றை வெள்ளையணு என்று எண்ணிவிடும். தாளில் அச்சாகி வரும் அந்த எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. எண்ணுவதென்றால் நியூபவர் அறை என்ற, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில், நுண்ணோக்கி வழியே கண்ணால்தான். 200 மடங்கு நீர்த்த ரத்தத்தில் நடுச் சதுரத்தின் ஐந்து கட்டங்களை எண்ணி, 10,000 ஆல் பெருக்க வேண்டும். 210 அணு தென்பட்டால் ஒரு மைக்ரோ லிட்டரில் 21 லட்சம்.

ஹீமோகுளோபின் பார்ப்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. டிராப்கின் கரைசல் 5 மில்லியில் 20 மைக்ரோ லிட்டர் ரத்தம் கலந்து பத்து நிமிடம் வைக்கும்வரை எல்லாம் வழக்கம்போல்தான். ஆனால் சிவப்பணு உடைந்தபின் உட்கருக்கள் மட்டும் கரையாமல் கரைசலில் மிதந்து கலங்கலை உண்டாக்கும். அப்படியே ஒளிமானியில் வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த மேல் நீரை மட்டும் 540 நானோமீட்டரில் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இந்த முறை மெத்ஹீமோகுளோபினையும் சேர்த்தே அளக்கும். அண்ணனின் குட்டையில் ரத்தம் பழுப்பாக இருந்த அன்று ஹீமோகுளோபின் 8.1 கிராம் என்று, எந்தக் குறையும் இல்லாத அளவாகத்தான் வந்தது. அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் ரத்தம் நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருப்போம். நிறத்தை உங்கள் கண்ணால் பார்த்து, நோட்டில் எழுதுங்கள்.

பி.சி.வி.: முதலில் பழக வேண்டிய பரிசோதனை

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஐந்து நிமிடம் சுற்றினால், சிவப்பணு அடியிலும் பிளாஸ்மா மேலேயும் பிரியும். மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் பி.சி.வி. வளர்ப்புக் கலப்பினத் திலேப்பியாவுக்கு ஏறக்குறைய 27 முதல் 37 சதவீதம், ஹீமோகுளோபின் 100 மில்லிக்கு 7 முதல் 9.8 கிராம், சிவப்பணு ஒரு மைக்ரோ லிட்டருக்கு 19 முதல் 28 லட்சம் என்பவை அச்சில் வந்திருக்கும் அளவுகள். இவற்றைத் திசைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒரு முறை ரோகு குட்டையில் எட்டு மீன்களுக்கு 29 முதல் 34 வரை வந்தது, இரண்டுக்கு 14, 16. சராசரி 28, பார்த்தால் குறையே தெரியாது. அந்த இரண்டின் செவுளும் வெளிறிக் கிடந்தன. துடுப்பின் அடியில் மீன் பேன் கூட்டமாக ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. குட்டையில் மூங்கில் தட்டிகள் ஊன்றினோம். பேன் கடினமான பரப்பில்தான் முட்டையிடும். முட்டை படிந்த தட்டிகளை எடுத்து வெயிலில் காயவைத்து, மறுபடி ஊன்றினோம். பத்து மீனும் ஒன்றுபோல் வெளிறியிருந்தால் ஒட்டுண்ணியைத் தேடுவதோடு தீவனத்தையும் பாருங்கள். எண்ணெய் சிக்கடித்த, நாள்பட்ட தீவனம் ரத்தசோகையில் கொண்டுவிடும்.

பி.சி.வி. கூடியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. பயந்த மீனின் சிவப்பணுக்கள் ஊதிக்கொள்ளும், மண்ணீரலும் தன் இருப்பை ரத்தத்தில் இறைக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஹீமோகுளோபினை பி.சி.வி.யால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 8 கிராமும் 32 சதவீதமும் என்றால் 25. அமைதியான திலேப்பியாவுக்கு இது 22க்கும் 29க்கும் நடுவில் நிற்கும். 8.2 கிராமும் 41 சதவீதமும் வந்தால் 20. அணுக்கள் ஊதியிருக்கின்றன, அதாவது நீங்கள் மீனைப் பிடித்த விதம் சரியில்லை. அந்த அளவுகளைத் தள்ளிவிட்டு வேறு நாளில் எடுங்கள்.

அதே கண்ணாடிக் குழாயில் மேலே நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தையும் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் நல்லது. சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. உங்கள் கை காரணமா, நோய் காரணமா என்பதை மற்ற ஒன்பது குழாய்களும் சொல்லும். குழாயைப் பிளாஸ்மா பகுதியில் ஒடித்து, ஒரு சொட்டை மருத்துவ ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் புரத அளவு தெரிந்துவிடும். சென்ற முறையைவிடப் புரதம் நன்றாக இறங்கியிருந்தால் மீன் சரியாகத் தின்னவில்லை, அல்லது குடலிலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருக்கிறது.

சர்க்கரை அளக்கும் கருவி

வீட்டில் சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் அதே கருவி போதும். மீன் ரத்தத்தில் அது உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டும். ஆனால் ஒரே கருவியில் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மன உளைச்சல் ஹார்மோனான கார்ட்டிசால் சில நிமிடங்களில் ஏறத் தொடங்கும், அதன் பின்னால் சர்க்கரை ஏறும். அதனால் வலையில் விழுந்ததிலிருந்து சிரிஞ்சு நிறையும்வரை எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நாங்கள் இதை அதிகம் பயன்படுத்துவது குஞ்சு இறக்கும்போதுதான். வண்டியில் வந்த அன்று ஏறியிருக்கும் அளவு இறங்கிப் பழைய நிலைக்கு வரும்வரை தீவனத்தைக் குறைத்தே போடுகிறோம்.

பூச்சில் தெரிவது

காய்ந்த பூச்சை மெத்தனாலில் நிலைப்படுத்தி, கீம்சா அல்லது லீஷ்மன் சாயம் ஏற்றச் சொல்லுங்கள். நிலையத்தில் இருப்பவருக்கு மீன் பழக்கமில்லை என்றால் ஒன்றை மட்டும் எச்சரியுங்கள். உறையவைக்கும் அணுவும் நிணவணுவும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உறையவைக்கும் அணு கதிர்போல் நீண்டு, சுற்றுப்புறம் நிறமற்று, கும்பலாக நிற்கும். நிணவணு உருண்டை, விளிம்பில் மெல்லிய நீலம். நல்ல திலேப்பியாவின் வெள்ளையணுக்களில் பெரும்பங்கு நிணவணுதான். அது குறைந்து நியூட்ரோஃபில் என்ற மற்றொரு வகை வெள்ளையணு கூடினால் மீன் நாள்பட்ட உளைச்சலிலோ தொற்றிலோ இருக்கிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது, கண் பிதுங்கி, சுழன்று சுழன்று நீந்தும் திலேப்பியாவைக் கண்டால் அன்றே பூச்சு எடுங்கள். அணுக்களுக்கு நடுவே கோத்த மணிகள்போல் உருண்டைப் பாக்டீரியா தெரிந்து, கிராம் சாயத்தில் அது ஊதாவாக நின்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஐயுறலாம். அப்போதும் மருந்தைக் கையால் தொடுமுன் ரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பாருங்கள். விரால், கெளுத்தி வளர்ப்போருக்கு வேறொன்று தென்படலாம். சிவப்பணுக்களுக்கு இடையே நெளிந்த நூல்போல் டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி. அதை மீனுக்கு மீன் கொண்டுபோவது அட்டை என்பதால் மருந்து தேடுமுன் அட்டையை ஒழியுங்கள்.

வைரஸ் நோய் பூச்சில் தெரியாது. திலேப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதற்கு பி.சி.ஆர். சோதனைதான் வழி. காரணம் புரியாமல் மீன் கொத்தாகச் செத்தால், சாகும் தறுவாயில் உள்ள மீனின் கல்லீரல், மூளைத் துண்டுகளை எத்தனாலில் இட்டு, நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகுங்கள். செத்து ஊறிய மீனால் பயனில்லை.

ரத்தம் எடுத்த மீனை உடனே விற்பனைக்கு அனுப்பாதீர்கள். எம்.எஸ். 222 என்ற மீன் மயக்க மருந்துக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் 21 நாள் இடைவெளியையே நாங்கள் கிராம்பு எண்ணெய்க்கும் கடைப்பிடிக்கிறோம். குட்டையின் மூலையில் ஒரு சிறு வலைக் கூண்டு கட்டி, வால் துடுப்பின் நுனியைச் சிறிது நறுக்கி அடையாளமிட்டு, அதில் விட்டுவிடுவோம். காலையில் தீவனம் போடப் போகும்போது அண்ணன் முதலில் அந்தக் கூண்டில்தான் ஒரு கை போடுவார். பத்தும் மேலே வந்து தின்றால், அன்றைய தேதிக்கு நேராக நோட்டில் ஒரு கோடு.